அப்பிள் சைடர்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் உதவி டீமேக்கராக ஆறு வருடம் இருந்தேன். பிறகு இங்கிலாந்தில் ஹெரிஃபோர்ட்ஷயரில் ஒரு சிறிய சைடர் பண்ணையில் ஒன்பது வருடம். இப்போது பண்டாரவளையில் இருக்கிறேன். சைடர் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதற்கு இத்தனை பேர் கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. முடிந்தவரை பதில் எழுதுகிறேன்.

பதுளையிலிருந்து ஒரு அக்கா: உடம்பு இளைக்கக் குடிக்கிறார்களே, அந்த அப்பிள் சைடர் வினாகிரியைத்தானே சொல்கிறீர்கள்?

இல்லை அக்கா. அப்பிள் சாறு புளித்து மதுவாவதுதான் சைடர். அதற்குள் காற்றை விட்டு வைத்தால் பக்ரீரியா புகுந்து மதுசாரத்தை அமிலமாக்கிவிடும். வினாகிரி அதற்கடுத்த கட்டம். தென்னங்கள் வினாகிரியாவதும் இப்படித்தான். அமெரிக்காவில் இன்னொரு குழப்பம் உண்டு: வடிகட்டாத வெறும் சாற்றையே அங்கே சைடர் என்பார்கள், புளித்ததை ‘ஹார்ட் சைடர்’ என்பார்கள். இங்கிலாந்தில் சைடர் என்றாலே போதை உள்ளதுதான்.

ஹட்டனிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, நுவரெலியாவும் குளிர்தானே. அங்கே அப்பிள் போட்டால் என்ன?

குளிர்தான், ஆனால் அப்பிள் கேட்கிற குளிர் அது இல்லை தம்பி. பெரும்பாலான பழைய இனங்களுக்கு வருடத்தில் 800 முதல் 1,000 மணித்தியாலங்களுக்கு மேல் 7 பாகை செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும். அப்போதுதான் மரம் உறங்கி எழுந்து ஒழுங்காகப் பூக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருந்தாலும், தை மாசியில் சில விடியற்காலைகளில் பனி கொழுந்தைக் கருக்குவதோடு சரி. பகல் வெயிலில் மரம் விழித்துக்கொள்ளும். குறைந்த குளிர் போதும் என்கிற ‘அன்னா’, ‘டோர்செட் கோல்டன்’ போன்ற இனங்கள் உண்டு. இந்தோனேசியாவின் மலாங் பக்கம் இலைகளைக் கையால் உருவிவிட்டு மரத்தை ஏமாற்றிக் காய்க்க வைக்கிறார்கள். ஆனால் அதெல்லாம் சாப்பிடுகிற அப்பிள், நல்ல சைடருக்குப் பழைய சைடர் இனங்கள்தான் வேண்டும்.

மஸ்கெலியா, தோட்ட உத்தியோகத்தர்: கடை அப்பிளைப் பிழிந்தால் ஆகாதா? பழைய இனம்தான் வேண்டும் என்பது வெறும் பெருமைப் பேச்சு இல்லையா?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

கடை அப்பிளிலும் மதுசாரம் வரும், ருசி வராது. அதில் இனிப்பு இருக்கிறது, கொஞ்சம் புளிப்பு இருக்கிறது, துவர்ப்பு இல்லை. புளித்து முடியும்போது இனிப்பு முழுவதும் போய்விடும். அப்புறம் மிஞ்சுவது புளித்தண்ணிதான். பழைய சைடர் இனங்களில் பலவற்றைக் கடித்தால் உடனே துப்பிவிடுவீர்கள், கொய்யாப் பிஞ்சு மாதிரி வாயை இழுக்கும். அந்தத் துவர்ப்பைத் தருகிற டனின்தான் சைடரை நாக்கில் நிற்க வைப்பது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் லோங் ஆஷ்டன் ஆய்வு நிலையத்தில் பார்க்கர் என்பவர் இதற்கு ஒரு கணக்குப் போட்டார். சாற்றில் அமிலம் 0.45 வீதத்துக்கு மேலா கீழா, டனின் 0.2 வீதத்துக்கு மேலா கீழா என்று பார்த்து, இனிப்பு, புளிப்பு, கசப்பினிப்பு, கசப்புப்புளிப்பு என்று நாலாகப் பிரித்தார். ‘டாபினெட்’ கசப்பினிப்பு. ‘ஃபொக்ஸ்வெல்ப்’ கசப்புப்புளிப்பு, 17ஆம் நூற்றாண்டிலேயே பேர் வாங்கிய இனம் அது. ‘கிங்ஸ்டன் பிளாக்’ போலத் தனியாகவே நின்று பிடிக்கிற இனம் குறைவு. மற்றவற்றைக் கலக்க வேண்டும், நாம் தேயிலையைக் கலப்பது போல.

அரைத்த அப்பிளை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு ரோலர் அறைதான் ஞாபகம் வந்தது. உருட்டிய கொழுந்து பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்கு மாறுவதும், அப்பிள் சக்கை பழுப்பாவதும் ஒரே வகை நொதியத்தின் வேலை. பொலிஃபீனோல் ஒக்சிடேஸ் என்பார்கள். சக்கையை இரவு முழுக்க விட்டால் சாற்றில் நிறம் கூடும், துவர்ப்புத் தணியும். பண்ணையில் ஒரு கிழவர் இருந்தார். சக்கையை அள்ளி முகர்ந்துவிட்டு, இப்போது பிழியலாம் என்பார். நம் டீமேக்கர் மூக்கும் அதே மூக்குத்தான். ஆகவே சைடர் நமக்கு அந்நியமான ருசி இல்லை. பால் சேர்க்காத ஊவா தேநீரை ரசிக்கத் தெரிந்தவருக்குப் பாதி பாடம் முடிந்தது.

வெலிமடை, விவசாயி: இருநூறு வருடத்து இனம் மாறாமல் எப்படி வருகிறது? விதை வைத்திருப்பார்களா?

விதை போட்டால் தாய் மாதிரி வராது. ஒட்டுத்தான். கிளையை வெட்டி வேறு வேரில் ஒட்டி ஒட்டியே இத்தனை காலம் வந்திருக்கிறது. கிளைத்துண்டை நட்டு வளர்க்கிற நம் வீபி தேயிலையும், விதைத் தேயிலையும் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுக் கட்ட ஆள் இல்லாமல் போனால் இனமும் போச்சு. அமெரிக்காவில் ‘ஹரிசன்’ என்ற பேர்போன சைடர் இனம் அழிந்துவிட்டது என்றே இருந்தார்கள். 1976இல் நியூ ஜேர்சியில் ஒரு பழைய சைடர் ஆலை இருந்த இடத்தில் ஒரு மரம் கிடைத்தது.

கினிகத்தேனையிலிருந்து: கித்துள் கள்ளுக்கு முன்னால் இது நிற்குமா?

கித்துள் கள் காலையில் ஒரு ருசி, மாலையில் ஒரு ருசி. சைடர் ஐப்பசியில் பிழிந்து மரப்பீப்பாயில் விட்டால் குளிரில் மெல்ல மெல்லப் புளித்து, அடுத்த சித்திரை வைகாசிக்குத்தான் கிளாஸுக்கு வரும். பழைய முறைக்காரர்கள் ஈஸ்ட் கூடப் போடமாட்டார்கள். பழத்திலும் ஆலையிலும் இருப்பதே போதும். எது நல்லது என்று கேட்டால், சூடான மத்தியானத்துக்குக் கித்துள் என்பேன். ஊர்ப்பாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஆசிரியை, நோர்வூட்: லயங்களில் குடியால் எத்தனை குடும்பம் சீரழிகிறது என்று தெரிந்தும் இன்னொரு மதுவைப் பற்றி இப்படி ரசித்துப் பேச வேண்டுமா?

கோபம் நியாயமானது, டீச்சர். சைடரின் கதையிலும் அந்தப் பக்கம் உண்டு. இங்கிலாந்தின் மேற்கு மாவட்டங்களில் பண்ணைக் கூலியில் ஒரு பங்கைச் சைடராகவே அளந்து கொடுத்தார்கள். 1887இல் ட்ரக் திருத்தச் சட்டம் வந்துதான் அது தடையானது. அதைக் கேட்டபோது, நம் தாத்தாக்களின் சம்பளத்தில் அரிசிக்குக் கழித்த கணக்கு என் நினைவுக்கு வந்தது. சைடர் பழச்சாறு மாதிரி இருக்கிறதே என்று ஏமாறவும் கூடாது. 6 வீதச் சைடர் 568 மில்லிலீற்றர் கிளாஸ் ஒன்றில் ஏறக்குறைய 100 மில்லிலீற்றர் சாராயத்தில் உள்ள மதுசாரம் இருக்கிறது. குடிக்காத ஒருவரைக் குடிக்கச் சொல்ல நான் இதை எழுதவில்லை.

கண்டியிலிருந்து ஒரு ஐயா: மகளைப் பார்க்க இங்கிலாந்து போகிறேன். எதை வாங்குவது, எப்படிக் குடிப்பது?

போத்தலில் அப்பிள் இனத்தின் பெயரும் அறுவடை ஆண்டும் போட்டிருந்தால் நம்பி வாங்கலாம். அங்கே சட்டப்படி 35 வீதம் அப்பிள் சாறு இருந்தாலே சைடர் என்று விற்கலாம், மிச்சம் தண்ணீரும் சீனியும். முழுச்சாறு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஐஸ் போடாதீர்கள் ஐயா, குளிர் கூடினால் வாசம் ஒளிந்துகொள்ளும். 10, 12 பாகை போதும். பண்டாரவளையில் மார்கழி விடியலில் ஜன்னல் ஓரம் வைத்தால் இருக்கிற குளிர். முதல் வாயை உடனே விழுங்காமல், பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே துவர்ப்பு எங்கே பிடிக்கிறது என்று கவனியுங்கள். பன்றிக்கறிக்கு அருமை. கட்டசம்பலோடு மட்டும் துவர்ப்பான சைடர் வேண்டாம், உறைப்பு இரண்டு மடங்காகத் தெரியும்; அதற்குக் கொஞ்சம் இனிப்பு மிஞ்சியது நல்லது.

தை மாதம் போனால் இன்னொன்றும் பார்க்கலாம். 17ஆம் திகதி வாக்கில் தோட்டத்துக்குப் போய், மரத்தடியில் சைடர் ஊற்றி, கிளையில் ரொட்டித் துண்டு கட்டி, பாட்டுப் பாடி விளைச்சல் கேட்பார்கள். நாம் பொங்கல் வைத்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கும்.

மறுபடியும் வெலிமடை: எங்கள் பேரிக்காயை வைத்து வீட்டிலேயே கொஞ்சம் செய்து பார்க்கலாமா?

பேரிக்காய் மதுவுக்குப் ‘பெரி’ என்று பேர். பேரிக்காயில் சோர்பிட்டோல் என்ற இனிப்பு இருக்கிறது, அது புளிக்காது, அதனால் பெரியில் மெல்லிய இனிப்பு தங்கும். கூடக் குடித்தால் வயிறும் கலக்கும். ஆனால் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் மது செய்வது மதுவரிக் கட்டளைச் சட்டப்படி இங்கே குற்றம். கசிப்புக்கு மட்டுமான சட்டம் இல்லை அது. ஆகவே செய்முறை தரமாட்டேன்.

நான் அங்கே இருந்தபோது சொந்தமாகச் செய்து பார்த்தேன், அவசரப்பட்டுப் புளித்து முடியுமுன் போத்தலில் அடைத்தேன். இரவு ஆறு போத்தல் வெடித்தது. அறை முழுக்கக் கண்ணாடி. அந்த முறை சாறு துவர்ப்பில்லாமல் சப்பென்று இருந்ததால், பக்கத்து வீட்டுக் கிழவி சொன்ன கைவைத்தியத்தையும் செய்திருந்தேன். வீட்டில் சைடர் செய்கிறவர்கள் டனின் போதாவிட்டால் அதைத்தான் செய்வார்களாம்: ஒரு கோப்பை கடும் பிளேன்டீயை உள்ளே ஊற்றுவது. அம்மா தபாலில் அனுப்பிய தூள்தான் கைவசம் இருந்தது. வெடிக்காமல் தப்பிய போத்தல்கள் பரவாயில்லை.