பிள்ளையின் டென்னிஸ் மேட்சில் எதிராளி ‘அவுட்’ என்று ஏமாற்றினால் பெற்றோர் என்ன செய்வது?

உங்கள் கேள்வி இது: பத்து வயதுப் பையன் முதல் டோர்னமென்ட் ஆடுகிறான், அம்பயர் கிடையாது, எதிரே ஆடுபவன் உள்ளே விழுகிற பந்தையெல்லாம் அவுட் என்கிறான். வேலிக்கு வெளியே நிற்கும் நீங்கள் என்ன செய்யலாம்?

வாயைத் திறக்காதீர்கள், அவ்வளவுதான். இது எனக்குப் புரிவதற்குள் நாலு பேர் முன்னால் ஒரு தடவை அசிங்கப்பட வேண்டியிருந்தது.

என் மகள் 12 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தாள். சென்னையில் ஒரு க்ளே கோர்ட், அதாவது மண் தரை, மே மாத வெயில், ஸ்கோர் 4-4. இவள் கோட்டை ஒட்டி ஒன்று அடித்தாள், எதிரே இருந்த பெண் விரலைத் தூக்கி அவுட் என்றாள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு, “ஏய், லைன்லதானம்மா விழுந்துச்சு!” என்று கத்திவிட்டேன். அந்தக் குழந்தைக்கு உதடு துடித்தது. அவள் அப்பா எழுந்து வந்தார். அவர் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, இரண்டு பெண்களும் நெட்டுக்குப் பக்கத்தில் நின்று எங்களை வேடிக்கை பார்த்தார்கள். டோர்னமென்ட் முழுவதற்கும் பொறுப்பான ரெஃப்ரீ வந்து மண்ணில் பந்து பதிந்திருந்த மார்க்கைப் பார்த்தார். கோட்டுக்கு வெளியே நல்லா இரண்டு விரல் தள்ளி விழுந்திருந்தது. “சார், நீங்க கொஞ்சம் கேட்டுக்கு வெளியே போய் நில்லுங்க.” போனேன். சாயங்காலம் மகள் சொன்னாள்: “எனக்கே தெரியும்பா, அவுட்தான்.”

பக்கவாட்டில் இருபது அடி தள்ளி நின்றால் யாருக்குமே கோடு சரியாகத் தெரியாது. பெற்ற பிள்ளை அடித்த பந்து என்றால் கேட்கவே வேண்டாம்.

வேலிக்கு உள்ளே இருக்கிற உங்கள் பையனுக்கு வழி இருக்கிறது, அதைச் சொல்லிக்கொடுங்கள். அம்பயர் இல்லாத ஆட்டத்தில் நெட்டுக்கு இந்தப் பக்கம் விழுவது உள்ளேயா அவுட்டா என்று இவன் சொல்ல வேண்டும், அந்தப் பக்கம் விழுவதை அவன் சொல்ல வேண்டும். க்ளே கோர்ட்டில் சந்தேகம் வந்தால் மார்க்கைக் காட்டச் சொல்லலாம், நெட்டைத் தாண்டிப் போய்ப் பார்க்கவும் செய்யலாம். கேட்பதற்குள் அவன் காலால் மார்க்கை அழித்துவிட்டால் பாயின்ட் இவனுக்கு. கெட்டித் தரையான ஹார்ட் கோர்ட்டில் மார்க் கிடையாது. ஒரே ஒரு தடவை “ஷ்யூரா?” என்று கேட்கலாம். அப்புறமும் தொடர்ந்தால் ஆட்டத்தை நிறுத்தி ரெஃப்ரீயைக் கூப்பிடச் சொல்லுங்கள். பெரியவர் ஒருவர் கோர்ட் ஓரம் வந்து நின்றாலே பாதி அவுட்டுகள் உள்ளே விழ ஆரம்பித்துவிடும்.

சண்டையில் பெரும்பகுதி கோட்டால் வருவதில்லை, ஸ்கோரால் வருகிறது. சர்வ் போடுகிறவன் ஒவ்வொரு பாயின்டுக்கு முன்பும் எதிராளி காதில் விழும்படி ஸ்கோரைச் சொல்ல வேண்டும். குழந்தைகள் முணுமுணுப்பார்கள், இல்லையென்றால் மறந்துவிடுவார்கள், பிறகு ‘40-30’, ‘இல்லை, 30-40’ என்று ஆரம்பிக்கும். அப்போது இருவரும் ஒத்துக்கொள்கிற பாயின்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு, தகராறில் உள்ளதை மட்டும் திரும்ப ஆட வேண்டும். எங்கள் கோச் இதற்கென்றே பயிற்சியில் ஸ்கோர் சொல்லாமல் போட்ட சர்வை எண்ணவே மாட்டார்.

வார்ம்-அப்பில் எதிராளிக்கு எட்டாதபடி வின்னர் அடிக்காதே, நெட்டில் தட்டி விழுந்து பாயின்ட் கிடைத்தால் கையைத் தூக்கு, பக்கத்து கோர்ட்டில் ஆட்டம் ஓடும்போது பின்னால் நடக்காதே என்பதையெல்லாம் இரண்டு மேட்சில் தானாகவே கற்றுக்கொள்வான்.

கஷ்டமானது வேறு. சந்தேகம் இருந்தால் பந்து உள்ளே என்றுதான் விதி, அதாவது பாயின்ட் எதிராளிக்கு. 11 வயதில், 4-5 பின்தங்கி இருக்கும்போது அப்படிச் சொல்வது லேசான காரியமா? நான் மகளுக்கு அமெரிக்க டென்னிஸ் வீரர் ஆண்டி ராடிக் கதையைச் சொன்னேன். 2005 ரோம் போட்டி, ஸ்பெயின் வீரர் வெர்தாஸ்கோவுக்கு எதிராக ராடிக்குக்கு மேட்ச் பாயின்ட், இன்னும் ஒரு பாயின்ட் எடுத்தால் வெற்றி. வெர்தாஸ்கோவின் இரண்டாவது சர்வை லைன் அம்பயர் அவுட் என்றுவிட்டார், அதோடு ராடிக் ஜெயித்த மாதிரிதான். ராடிக்கே மார்க்கைக் காட்டி, உள்ளேதான் விழுந்தது என்றார்.

“அப்புறம் ஜெயிச்சுட்டாரா?”

“தோத்துட்டார்.”

ரொம்ப நேரம் பேசாமல் வந்தாள். கதையை நடுவிலேயே நிறுத்தியிருக்கலாமோ என்று எனக்குத் தோன்றியது.

இன்னொன்று. பாயின்ட் போனவுடன் பிள்ளைகள் முதலில் திரும்பிப் பார்ப்பது நம் முகத்தைத்தான். தலையில் அடித்துக்கொள்வது, ‘ப்ச்’ கொட்டுவது, எதிராளி இரண்டு சர்வையும் தவறவிடும் டபுள் ஃபால்ட்டுக்குக் கை தட்டுவது எல்லாம் உள்ளே எட்டும். தோற்றுவிட்டு வரும் பிள்ளையிடம் காரில் வைத்து பேக்ஹேண்டைப் பற்றிப் பேசாதீர்கள். முதலில் இளநீர் வாங்கிக்கொடுங்கள்.

இப்போதெல்லாம் நான் பேஸ்லைன் பக்கமே போவதில்லை. பார்க்கிங்கை ஒட்டி ஒரு வேப்பமரம் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் மகளின் தொப்பி தெரியும், கோடு தெரியாது.