பெரிய தொகையை எந்த ஆண்டில் மாற்றுவது?

அன்புள்ள ஐயா,

எனக்கு 57, மனைவிக்கு 56. டல்லாஸில் இருக்கிறோம். பிள்ளைகள் தனியாகப் போய்விட்டார்கள். இந்த ஜூன் 30-ஓடு வேலையை விடுகிறேன். கம்பெனி வழியாகச் சேர்த்த 401கே ஓய்வுக்காலக் கணக்கில் 9 லட்சம் டாலர் இருக்கிறது. செலவுக்கு இங்கே வங்கிச் சேமிப்பும் ஊரில் என்ஆர்இ (வெளிநாட்டு இந்தியருக்கான) டெபாசிட்டும் உண்டு. 65 வயதுக்குள் ஆண்டுக்கு 1 லட்சம் டாலர் வீதம் ராத் கணக்குக்கு (இப்போது வரி கட்டிவிட்டால் பின்னால் எடுக்கும்போது வரி இல்லாத ஓய்வுக்காலக் கணக்கு) மாற்றிவிட எண்ணம். 12 சதவீத வரிக்குள் அடங்குகிறது. 65 வயதில் அரசின் மெடிகேர் மருத்துவக் காப்பீடு வரும் வரை, நாமே சந்தையில் வாங்கும் ஒபாமாகேர் காப்பீடு. இந்தத் திட்டம் சரியா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

வரிக்கணக்கு சரி. காப்பீட்டை அதோடு சேர்த்துப் பார்க்காமல் விட்டுவிட்டீர்கள். ராத்துக்கு மாற்றும் ஒவ்வொரு டாலரும் அந்த ஆண்டு உங்கள் வருமானம். ஒபாமாகேர் பிரீமியத்துக்கு அரசு தரும் மானியம் அந்த வருமானத்தைப் பார்த்துத்தான் கிடைக்கிறது.

2021 முதல் 2025 வரை வருமானம் கூடினாலும் மானியம் படிப்படியாகத்தான் குறைந்தது. அந்தச் சலுகை முடிந்துவிட்டது. 2026-ல் இருவர் உள்ள குடும்பத்துக்கு மானியம் கிடைக்கும் வருமான எல்லை 84,600 டாலர். அதற்குள் இருந்தால், அளவுகோலாக வைக்கும் சில்வர் (நடுத்தர நிலை) காப்பீட்டுத் திட்டத்துக்கு உங்கள் கையிலிருந்து போவது அதிகபட்சம் வருமானத்தில் 9.96 சதவீதம், ஏறக்குறைய 8,400 டாலர். எல்லையை ஒரு டாலர் தாண்டினாலும் மானியம் மொத்தமாகப் போய்விடும். உங்கள் வயதில் இருவருக்கு முழு பிரீமியம் பல இடங்களில் 20,000 டாலருக்கு மேல். முன்கூட்டியே வாங்கிய மானியத்தையும் 2026 முதல் உச்சவரம்பில்லாமல் திருப்பிக் கட்ட வேண்டும். 12 சதவீதம் என்று நினைத்து மாற்றிய கடைசிச் சில ஆயிரங்களுக்கு உண்மையில் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள்.

வருமான வரியில் தம்பதிக்கு 2026-ல் கிடைக்கும் 32,200 டாலர் நிலையான கழிவும் இங்கே உதவாது. அதைக் கழிப்பதற்கு முன் உள்ள தொகைதான் கணக்கு. என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, ஆனால் அமெரிக்காவில் அது வருமானம். நம்மவர்கள் பலர் தவறவிடும் இடம் இது. வங்கிச் சான்றிதழ் ஏப்ரல் முதல் மார்ச் வரைக்கு வரும். உங்களுக்கு வேண்டியது ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கான கணக்கு.

அதற்காக மாற்றவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். டெக்சஸில் வருமானம் 21,150 டாலருக்குக் கீழே போனாலும் மானியம் கிடையாது. ஆகவே ஆண்டுதோறும் கொஞ்சம் மாற்றத்தான் வேண்டும். ஆனால் எல்லா ஆண்டும் ஒரே தொகை என்பதை விடுங்கள்.

உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஜூன் 30-ல் விலகினால் கோப்ரா என்னும் சட்டத்தின் மூலம் 18 மாதங்கள் கம்பெனி காப்பீட்டிலேயே தொடரலாம். அதாவது அடுத்த ஆண்டு டிசம்பர் வரை. அதற்கு முழு பிரீமியமும் 2 சதவீதக் கூடுதலும் நீங்களே கட்ட வேண்டும். ஆனால் அது கம்பெனியின் எல்லா வயதினருக்கும் சேர்த்துப் போட்ட தொகை என்பதால், உங்கள் வயதுக்கு மானியமில்லாத ஒபாமாகேரைவிடக் குறைவாகவே இருக்கலாம். அடுத்த ஆண்டு முழுவதும் சம்பளமும் இல்லை, இழப்பதற்கு மானியமும் இல்லை. பெரிய தொகையை அந்த ஆண்டில் மாற்றுங்கள். 2026 வரி அடுக்குகளின்படி மொத்த வருமானம் 1,33,000 டாலர் வரை 12 சதவீதத்துக்குள் நிற்கும். ஊரில் மனை ஏதும் விற்பதாக இருந்தால் அதையும் அந்த ஆண்டில் விற்கலாமா என்று பாருங்கள்; லாபமும் வருமானம்தான். அதன்பின் எல்லைக்குக் கீழே, சில ஆயிரம் இடைவெளி விட்டு மாற்றினால் போதும். மெடிகேர் பிரீமியம் இரண்டாண்டுக்கு முந்தைய வருமானத்தைப் பார்ப்பதால் 63 வயதாகும் ஆண்டு முதல் பெரிய தொகை வேண்டாம்.

2018 முதல், ஒருமுறை மாற்றியதைத் திரும்பப் பெற வழியில்லை. அதனால் மானியம் வாங்கும் ஆண்டுகளில் மியூச்சுவல் ஃபண்ட் டிவிடெண்ட் எல்லாம் வந்தபிறகு, டிசம்பர் மத்தியில் மாற்றுங்கள். 401கே பணம் முழுவதையும் ஐஆர்ஏவுக்கு (கம்பெனி சாராத தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கு) நகர்த்திவிடாதீர்கள். 55 வயதுக்குமேல் வேலையை விட்டவர் அந்த 401கேயிலிருந்து அபராதம் இல்லாமல் எடுக்கலாம். ஐஆர்ஏவில் 59½ வரை அந்த வசதி இல்லை.

இந்த வாரமே எச்ஆரிடம் இருவருக்கும் கோப்ரா பிரீமியம் எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். மீதிக் கணக்கு எல்லாம் அந்தத் தொகை தெரிந்த பிறகுதான்.