ஷேடிங் சரியாக வர, கறுப்பு வெள்ளை இரண்டே நிறத்தில் வரைந்து பழகச் சொல்கிறார்களே, அதை எப்படிப் பழகுவது?

பென்சில் ஷேடிங் பழகுகிறவர்கள் நிறையப் பேர் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். படம் முழுக்கச் சாம்பல் பூசியதுபோல் இருக்கும். மூக்கு இருக்கும், கன்னம் இருக்கும், எதுவும் எழும்பி நிற்காது. கை சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் எது வெளிச்சத்தில் இருக்கிறது, எது நிழலில் இருக்கிறது என்று முடிவு செய்யாமலே தேய்க்க ஆரம்பித்திருப்பார்கள், அவ்வளவுதான். இரண்டு நிறத்தில் வரையும்போது அந்த முடிவைத் தள்ளிப்போட வழியே இல்லை. எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்த பயிற்சி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வெளிச்சம். ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள், ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள். ஒரே ஒரு டேபிள் லேம்ப், பொருளுக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் உயரத்தில். இரண்டு விளக்கு எரிந்தால் இரண்டு நிழல் விழும், ஒன்றின் நிழலை மற்றது கரைத்துவிடும், ஆரம்பத்தில் குழப்பம்தான் மிஞ்சும். விளக்குக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாள், அதன் மேல் ஒரு வெள்ளை முட்டை.

இப்போது அந்த முட்டையை நன்றாகப் பாருங்கள். விளக்குப் பக்கம் பளீரென்று இருக்கும். அங்கிருந்து மெதுவாக மங்கி, ஓரிடத்தில் வெளிச்சம் தொடவே முடியாமல் நின்றுவிடும். அந்த எல்லைதான் முக்கியம். அதற்கு அப்பால் எல்லாம் நிழல். ஆனால் அடியில், தாளை ஒட்டிய பகுதியில், மறுபடியும் ஒரு மெல்லிய வெளிச்சம் தெரியும். தாளில் பட்டுத் திரும்பி வரும் ஒளி அது. இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். பக்கத்தில் இருப்பது அதைவிடக் கறுப்பாக இருப்பதால் அது பிரகாசமாகத் தோன்றுகிறது, உடனே வெள்ளையாக விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். கண்ணை நன்றாக இடுக்கிப் பாருங்கள்: அந்தத் திரும்பிய ஒளி அடங்கி, முட்டையின் நிழல் பக்கமும் தாளில் விழுந்த நிழலும் சேர்ந்து ஒரே கறுப்பு வடிவமாகிவிடும். நீங்கள் வரைய வேண்டியது அந்த ஒற்றை வடிவத்தை. முட்டையின் சுற்றுக்கோட்டை வரையவே வேண்டாம். வெளிச்சப் பக்கத்து ஓரம் தாளோடு கலந்து காணாமல் போகும், ஆனாலும் பார்க்கிறவர்களுக்கு முழு முட்டை தெரியும். முதல் தடவை அது நடக்கும்போது அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

இதற்குப் பென்சில் வேண்டாம். லேசாக அழுத்தினால் சாம்பல் வந்துவிடும், பழைய பழக்கம் திரும்பிவிடும். பிரஷ் பென், தடித்த கறுப்பு மார்க்கர், அல்லது இண்டியன் இங்க்கும் ஒரு பிரஷ்ஷும் போதும். உள்ளங்கை அளவுக்கு மேல் வரையாதீர்கள். சிறிதாக வரைந்தால் நுணுக்கங்களில் போய் விழ மாட்டீர்கள்.

அடுத்து வரும் சந்தேகம்: வெளிச்சத்தில் இருக்கும் கறுப்புத் தலைமுடியை என்ன செய்வது, நிழலில் இருக்கும் வெள்ளைச் சட்டையை என்ன செய்வது? இதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, பொருளின் சொந்த நிறத்தை மறந்துவிட்டு ஒளி படுகிறதா இல்லையா என்று மட்டும் பார்ப்பது. அப்போது வெயில்பட்ட கறுப்பு முடி வெள்ளை, நிழலில் இருக்கும் வெள்ளைச் சட்டை கறுப்பு. மற்றொன்று, நிறம் நிழல் எல்லாவற்றையும் சேர்த்து, மொத்தத்தில் அடர்த்தியா வெளிறலா என்று பிரிப்பது. ஜப்பானியர்கள் நோட்டான் என்று சொல்வது இந்த இரண்டாவது வகை. ஆர்தர் வெஸ்லி டவ் என்ற அமெரிக்க ஆசிரியர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதை அங்கே ஓவியப் பாடமாகவே ஆக்கினார். ஷேடிங் தேறுவதற்கு முதல் வழி, படத்தின் அமைப்பு தேறுவதற்கு இரண்டாவது வழி. உங்கள் கேள்வி ஷேடிங் பற்றியது என்பதால் முதல் வழியில் கை நன்றாகப் பழகட்டும், பிறகு மற்றதற்கு வாருங்கள்.

இரண்டாவது வழி எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க ஆசையிருந்தால் ஃபெலிக்ஸ் வலோட்டோன் என்ற ஓவியரின் மரச்செதுக்குப் படங்களை, அதாவது மரப்பலகையில் செதுக்கி மை தடவித் தாளில் அச்செடுத்த படங்களை, தேடிப் பாருங்கள். ஸ்விட்சர்லாந்தில் பிறந்து பாரிஸில் வாழ்ந்தவர். 1898இல் செய்த ‘பணம்’ என்ற படத்தில் வலது பக்கம் பெரும்பகுதி வெறும் கறுப்பு. அங்கே நிற்கும் ஆணின் கோட்டு அந்தக் கறுப்போடு கரைந்துவிடுகிறது. அவன் உடம்பு எங்கே முடிகிறது என்று ஒரு கோடுகூடக் கிடையாது. ஒருவன் நிற்பது மட்டும் சந்தேகமில்லாமல் தெரிகிறது.

முட்டை, டம்ளர், மடித்த துணி என்று பழகிய பிறகு முகத்துக்குப் போங்கள். மேலிருந்து வெளிச்சம் வந்தால் கண்குழி, மூக்கின் அடி, மேலுதடு, கீழுதட்டுக்குக் கீழே, தாடைக்கு அடியில் கழுத்து, இவையெல்லாம் நிழலுக்குப் போகும். மேலுதடு கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் கறுப்பு, கீழுதடு மேல்நோக்கி இருப்பதால் வெள்ளை. நம் ஊர் உச்சி வெயிலில் நிற்கிறவர் முகத்தில் இதை அப்படியே பார்க்கலாம்.

வெளியே போய் வரைய முடிந்தால் மாமல்லபுரத்தின் அர்ச்சுனன் தபசு அருமையான இடம். பாறை கிழக்குப் பார்த்தது. விடிந்ததும் வெயில் நேராக அடிப்பதால் சிற்பம் தட்டையாகத் தெரியும். பத்து மணிக்கு மேல் வெயில் பாறையை மேலிருந்து உரசிக்கொண்டு இறங்கும்போது யானையின் வயிற்றுக்கடியில் பட்டையாக நிழல் விழும், அப்போது வரையுங்கள். மதியத்துக்குப் பிறகு பாறையே நிழலுக்குள் போய்விடும்.

போட்டோ பார்த்து வரைவதில் ஒரு சிக்கல்: இப்போதைய ஃபோன்கள் நிழலைத் தாமாகவே வெளிறச் செய்துவிடுகின்றன, எல்லை மங்கிப்போகிறது. வேறு வழியில்லாதபோது மட்டும் போட்டோ.

மூன்றாவது நிறமான சாம்பலுக்கு எப்போது போகலாம் என்றால், கறுப்பு வடிவங்களை மட்டும் பார்த்து இன்னொருவர் பொருள் என்னவென்று சொல்லிவிடும்போது. அப்போதும் அந்தச் சாம்பலை வெளிச்சப் பகுதிக்குள் மட்டும் சேருங்கள், நிழலைத் தொடாதீர்கள்.