சொட்டுநீரில் ஒழுகலையும் அடைப்பையும் ஃப்ளோ சென்சர் கண்டுபிடிக்குமா?

கேள்வி: ஐயா வணக்கம். பொள்ளாச்சி பக்கம் 3 ஏக்கர் தென்னை, 25 அடிக்கு 25 அடி, மொத்தம் 210 மரம். ஆறு வருடமாகச் சொட்டுநீர். போர் தண்ணீரைத் தரைத்தொட்டியில் விட்டு, அங்கிருந்து மோட்டார் வைத்து மூன்று வால்வாகப் பிரித்து விடுகிறேன். வால்வுக்கு 70 மரம், மரத்துக்கு, மணிக்கு 8 லிட்டர் சொட்டும் டிரிப்பர் நான்கு. இப்போது கடைசி வரிசைகளில் மட்டை தொங்குகிறது. தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று இடத்தில் எப்போதும் சேறு. கரண்ட் பெரும்பாலும் இரவில் வருவதால் கூடவே நின்று பார்க்க முடிவதில்லை. ஃப்ளோ சென்சர் வைத்தால் ஒழுகல், அடைப்பு எல்லாம் போனிலேயே தெரிந்துவிடும் என்கிறார் கடைக்காரர். வைக்கலாமா? எங்கே வைப்பது?

பதில்: வணக்கம். வைக்கலாம், உங்கள் தோப்புக்குப் பயன்படும். ஆனால் இந்த வாரமே வாங்க வேண்டாம். முதலில் செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது.

சென்சருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: தன் வழியாக நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் போகிறது என்பது. அது சரியான அளவா என்று அதற்குத் தெரியாது, நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். உங்கள் தோப்பில் இப்போது தொட்டிப் பக்கம் ஒழுகல், கடைசியில் அடைப்பு, இரண்டுமே இருப்பதுபோல் தெரிகிறது. ஒழுகல் ஓட்டத்தைக் கூட்டும், அடைப்பு குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் சென்சரில் சரியான எண்ணே கூட வந்துவிடும். இன்றைக்குச் சென்சரை மாட்டி, அது காட்டுவதையே வழக்கமான அளவாகப் பதிந்து வைத்தால், கெட்டுப்போன தோப்பை நல்ல தோப்பு என்று அது நம்பிக்கொண்டிருக்கும்.

கணக்கை முதலில் போடுங்கள். மரத்துக்கு நான்கு டிரிப்பர், மணிக்கு 32 லிட்டர். ஒரு வால்வில் 70 மரம் என்றால் மணிக்கு 2,240 லிட்டர், நிமிடத்துக்குச் சுமார் 37 லிட்டர். வால்வுக்கு 2 மணி நேரம் விட்டால் மரத்துக்கு 64 லிட்டர் கிடைக்கும், கோடைக்கு அது போதுமான அளவுதான். ஆக, அவ்வளவு நேரம் விடுகிறீர்கள் என்றால் நேரமோ டிரிப்பர் எண்ணிக்கையோ குறை இல்லை. விட்ட தண்ணீர் மரத்துக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இதை உறுதிப்படுத்த ஒரு அளவு டம்ளரும் கைக்கடிகாரமும் போதும். ஒரு வால்வைத் திறந்து, கால் மணி நேரம் ஓடவிட்ட பிறகு, டிரிப்பர் மாட்டிய சின்னக் குழாய்களான லேட்டரல்களில் முதல், நடு, கடைசி மூன்றிலும் தலைப்பு, நடு, முனை என்று ஒவ்வொரு டிரிப்பரின் கீழும் 3 நிமிடம் பிடியுங்கள். 8 லிட்டர் டிரிப்பர் 400 மில்லி தர வேண்டும். 350-க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டியதுதான். முனையில் மட்டும் குறைகிறது, அங்கே டிரிப்பரைக் கழற்றினாலும் தண்ணீர் வேகமாக வரவில்லை என்றால், அழுத்தம் வழியிலேயே போய்விடுகிறது. கழற்றியதும் பீய்ச்சி அடித்தால் டிரிப்பர்தான் அடைபட்டிருக்கிறது.

ஆறு வருடம் ஓடிய போர் தண்ணீர் என்பதால் டிரிப்பர் வாயில் வெள்ளைப் படிவு இருக்கும் என்று நினைக்கிறேன். அதன்மேல் ஒரு சொட்டு ஆசிட் விட்டுப் பாருங்கள், பொங்கினால் சுண்ணாம்புப் படிவு. அதற்கு ஆசிட் சிகிச்சை செய்யலாம். வெஞ்சுரி (உரக் கரைசலைக் குழாய்க்குள் உறிஞ்சிவிடும் கருவி) வழியாக ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டு, கடைசி லேட்டரல் முனையில் வரும் தண்ணீரின் கார அமில நிலை (pH) 4 அளவுக்கு இறங்கியதும் மோட்டாரை நிறுத்தி, ஒரு நாள் ஊறவிட்டு, சப்மெயின் (லேட்டரல்களுக்குத் தண்ணீர் தரும் குழாய்) கடைசியில் உள்ள பிளஷ் வால்வையும் லேட்டரல் முனை மூடிகளான எண்ட் கேப்புகளையும் திறந்து நன்றாகக் கழுவி விடுங்கள். ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக்கூடாது. கையுறை, கண்ணாடி கட்டாயம். வழுவழுப்பாகப் பச்சையாக இருந்தால் அது பாசி. திறந்த தரைத்தொட்டி என்றால் அதுவும் இருக்கும். அதற்குப் பிளீச்சிங் பவுடர் கரைசல், ஆனால் வேறொரு நாளில். ஆசிட்டும் பிளீச்சிங்கும் கலந்தால் வருவது விஷவாயு, அடைத்த மோட்டார் அறைக்குள் ஆளையே சாய்த்துவிடும்.

சேறாகக் கிடக்கும் இடங்களைத் தோண்டிப் பார்த்து அடைத்துவிடுங்கள். பெரும்பாலும் எலியோ அணிலோ கடித்ததாக இருக்கும், அல்லது மண்வெட்டி பட்டிருக்கும். கோடையில் அணில் தண்ணீருக்காகவும் கடிக்கும். தோப்பில் நாலு இடத்தில் சட்டியில் தண்ணீர் வைப்பவர்கள் கடி குறைந்ததாகச் சொல்கிறார்கள். வைத்துப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

சரி, இதெல்லாம் முடிந்து, டம்ளர் கணக்கு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வந்ததா? இப்போது சென்சர் வாங்கலாம்.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அரை அங்குல பிளாஸ்டிக் சென்சர் உங்களுக்கு ஆகாது. அது நிமிடத்துக்கு 30 லிட்டர் வரைக்கும்தான். உங்கள் ஒரு வால்வே 37 கேட்கிறது. குழாய் அளவுக்கேற்ற ஒன்றரை அல்லது இரண்டு அங்குலத் தண்ணீர் மீட்டரில் பல்ஸ் வெளியீடு (குறிப்பிட்ட லிட்டர் போனதும் ஒரு மின் துடிப்பு அனுப்புவது) உள்ளதாகக் கேளுங்கள். எத்தனை லிட்டருக்கு ஒரு பல்ஸ் என்பதையும் கேட்க வேண்டும். 100 லிட்டருக்கு ஒன்று என்றால் உங்கள் ஓட்டத்துக்கு மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவைதான் சேதி வரும். 10 லிட்டருக்கு ஒன்று என்றால் நிமிடத்துக்கு மூன்று நான்கு வரும், அது நல்லது. உள்ளே சுற்றும் பாகமே இல்லாத மின்காந்த மீட்டர் மணலுக்கும் தேயாது, ஆனால் 3 ஏக்கருக்கு அந்தச் செலவு எனக்கு அதிகமாகப் படுகிறது.

பொருத்தும் இடம்: பில்டருக்கும், மிஞ்சிய தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பும் பைபாஸுக்கும் அப்புறம், வால்வுகள் பிரிவதற்கு முன்னால். பைபாஸுக்கு முன்னால் வைத்தால் தொட்டிக்கே திரும்பும் தண்ணீரையும் சேர்த்து எண்ணிவிடும். பில்டருக்கு முன்னால் வைத்தால் மணல் சக்கரத்தைத் தின்றுவிடும். இரண்டு அங்குலக் குழாய் என்றால் மீட்டருக்கு முன் 20 அங்குலமும் பின் 10 அங்குலமும் வளைவோ வால்வோ இல்லாமல் நேராக இருக்கட்டும். குழாய் நிரம்பி ஓடும் தாழ்வான இடமாகப் பாருங்கள். காற்று போனாலும் சக்கரம் சுற்றும், அதையும் தண்ணீர் என்றே கணக்கில் சேர்க்கும். அதனால் மோட்டார் போட்டு முதல் பத்து நிமிட எண்ணை நம்ப வேண்டாம். ஆசிட் விடும் நாளில் மீட்டரைக் கழற்றி அந்த இடத்தில் வெறும் குழாய்த் துண்டு மாட்டிவிட்டால் அதன் ஆயுள் கூடும்.

அப்புறம், பில்டருக்கு முன்னும் பின்னும் பிரஷர் கேஜ் இருக்கிறதா? முள் அசையாமல் கிடந்தால் முதலில் அதை மாற்றுங்கள். சென்சரைவிட மலிவு, அது இல்லாமல் சென்சர் சொல்வதற்குப் பாதி அர்த்தம்தான். ஓட்டம் கூடி, பில்டருக்குப் பின் அழுத்தம் குறைந்தால் தோப்பில் எங்கோ ஒழுகல். ஓட்டம் குறைந்து அழுத்தம் ஏறினால் டிரிப்பர் அடைகிறது அல்லது வால்வு பாதி மூடியிருக்கிறது. இரண்டுமே குறைந்தால் தோப்புக்குள் தேட வேண்டாம், பில்டருக்கு முன்னால் உள்ள கேஜைப் பாருங்கள். அங்கே அழுத்தம் ஏறியிருந்தால் பில்டர் அடைப்பு, அங்கேயும் இறங்கியிருந்தால் தொட்டி அல்லது மோட்டார். பில்டரின் இரு பக்கமும் அழுத்தத்தில் அரை கிலோவுக்கு (சதுர சென்டிமீட்டருக்கு) மேல் வித்தியாசம் வந்தாலே கழுவிவிட வேண்டும்.

ஒவ்வொரு வால்வையும் தனித்தனியாகத் திறந்து அதனதன் எண்ணைத் தனியாகப் பதியுங்கள். இதுதான் முக்கியம். 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று, ஒரு கிலோ அழுத்தத்தில், மணிக்கு 200 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே விடும். மூன்று வால்வையும் சேர்த்துத் திறந்தால் மொத்தம் 6,720 லிட்டர், அதில் இது 3 சதவீதம்தான், மீட்டரின் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். ஒரே வால்வில் இதுவே 9 சதவீதத்துக்கு மேல். ஒழுகும்போது அழுத்தமும் சற்று இறங்குவதால் மற்ற டிரிப்பர்களின் ஓட்டம் குறையும், மீட்டரில் ஏறும் அளவு இதைவிடக் கொஞ்சம் கம்மியாகத் தெரியும். அப்படியும் பதிந்து வைத்த எண்ணோடு ஒப்பிட்டால் பிடிபடும். எந்த வால்வு என்பதும் தெரிந்துவிடும், தேட வேண்டியது 70 மரத்துக்குள்தான்.

எச்சரிக்கை அளவை 10 சதவீதம் ஏற்ற இறக்கத்தில் வைத்துத் தொடங்குங்கள், அதுவும் ஐந்து நிமிடம் தொடர்ந்து இருந்தால் மட்டும் போனுக்குச் சேதி வரட்டும். மேலே சொன்ன சின்ன ஓட்டை இந்த அளவைத் தொடாது, அதை எண்ணை ஒப்பிட்டுத்தான் பிடிக்க வேண்டும். தினமும் பொய்ச் சேதி வந்தால் நாமே அதை அணைத்து வைத்துவிடுவோம். அதிகம் தப்பு எழுப்புகிறது என்றால் 12 ஆக்குங்கள். ஓட்டம் 25 சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ, அடியோடு நின்றாலோ மோட்டாரை நிறுத்தும்படி மொபைல் ஸ்டார்ட்டரோடு (போன் வழியாக மோட்டாரைப் போட்டு நிறுத்தும் கருவி) இணைக்க முடிந்தால் இரவு ஓட்டத்துக்கு அதுதான் பெரிய உதவி. கரண்ட் இலவசம் என்பதால் ஒழுகலை யாரும் பெரிதாக எடுப்பதில்லை, ஆனால் வெஞ்சுரியில் விட்ட உரமும் அதே ஓட்டை வழியாகத்தான் போகிறது.

ஒன்று மட்டும் சென்சரிடம் எதிர்பார்க்காதீர்கள். ஒரு வால்வில் 280 டிரிப்பர் இருக்கின்றன. ஒரு மரத்தின் நான்கும் அடைந்தாலும் ஓட்டம் ஒன்றரை சதவீதம்கூடக் குறையாது, போனில் ஒன்றும் வராது. அதனால் மாதம் ஒருமுறை டம்ளர் சோதனை தொடரட்டும். மீட்டர் எண் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தால் படிவு ஏறுகிறது, அடுத்த ஆசிட் சிகிச்சைக்கு நேரம் வந்துவிட்டது. இதைப் பார்ப்பதற்கு வால்வு வாரியாக வாரம் ஒரு எண் மோட்டார் அறைச் சுவரில் எழுதி வைத்தாலே போதும்.