சித்திலெப்பை: வழக்கறிஞரா, ஆலிமா?

மதிப்பிற்குரிய ஐயா,

காஜிமார் தெருவில் நடந்த மீலாது விழாக் கூட்டமொன்றில் இலங்கையின் சித்திலெப்பையைப் பற்றிப் பேசியவர், அவர் வழக்கறிஞர், அரசியலாளர், மார்க்க அறிஞர் என்று அடுக்கிக்கொண்டே போனார். சட்டம் படிக்கும் எனக்கு ஓர் ஐயம். வெள்ளைக்காரர்களின் நீதிமன்றத்தில் தொழில் செய்து, ஆங்கிலக் கல்விக்காக வாதாடிய ஒருவரை மார்க்க அறிஞர் என்பது வெறும் மரியாதைக்காகத்தானே? ஒரு நாவல் எழுதினார் என்பதற்கு மேல் நாம் அவரிடம் அறிய என்ன இருக்கிறது?

சட்டக் கல்லூரி மாணவர், மதுரை

அன்புள்ள தம்பிக்கு,

மேடையில் பட்டங்களை அடுக்குவது நம்மூர் வழக்கம்தான் என்றாலும், பேச்சாளர் இம்முறை மிகைப்படுத்தவில்லை. முகம்மது காசிம் சித்திலெப்பை 1838இல் கண்டியில், ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்தார். அரபும் தமிழும் மார்க்கக் கல்வியும் கற்றவர், ஆங்கிலமும் சட்டமும் பயின்று, 1862இல் பிராக்டர், அதாவது அக்கால இலங்கை நீதிமன்றங்களில் வாதாடும் வழக்கறிஞர், ஆனார். பின்னாளில் அந்தத் தொழிலை விட்டுவிட்டுச் சமூகப் பணிக்கு வந்தார்.

தொழிலை விட்டாரே தவிர, அது கற்றுத்தந்த வாதமுறையை அவர் விடவில்லை என்பது என் கணிப்பு. அன்றைய இலங்கையில் ஆங்கிலப் பள்ளி என்றால் பெரும்பாலும் மிஷன் பள்ளிதான். பிள்ளையை அங்கே அனுப்பினால் மதம் மாற்றிவிடுவார்கள் என்று முஸ்லிம் பெற்றோர் அஞ்சியதை வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது. வெளியாள் ஒருவர் வந்து, படித்தால் முன்னேறலாம் என்று சொல்லியிருந்தால் யாரும் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். சித்திலெப்பையோ எதிர்த்தரப்பு மறுக்க முடியாத மார்க்கச் சட்டத்தையே ஆதாரமாக எடுத்தார். கல்வியைத் தேடுவது மார்க்கக் கடமை என்பதை ஆலிம்கள் எனப்படும் மார்க்க அறிஞர்களின் மொழியிலேயே அவர்களிடம் வாதாட அவரால் முடிந்தது. ஆங்கிலமும் மார்க்கமும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்படும் பள்ளி என்பதே அவர் கேட்ட தீர்ப்பு. மார்க்க ஞானம் இல்லாத வெறும் பிராக்டருக்கு அந்த வழக்கில் ஆஜராகும் தகுதியே இருந்திருக்காது.

1882இல் அவர் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ இதழ் தமிழெழுத்தோடு, தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழையும் கைக்கொண்டது. நம் பக்கத்துக் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும், தமிழ் எழுத்துக்கூட்டத் தெரியாத பாட்டிமார்கூட கிதாபு (மார்க்க நூல்) ஓதிய எழுத்து அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அந்த எழுத்தில்தான் மார்க்க நூல்களை எழுதினார். இலங்கைக்கும் பலமுறை சென்றுவந்தார். ஆகவே சித்திலெப்பையை அக்கரை மனிதராக ஒதுக்கிவிட வேண்டாம்.

அரசியலாளர் என்பதில்தான் சிறு விளக்கம் தேவை. அவர் காலத்துச் சட்டநிரூபண சபையில், அதாவது இலங்கையின் அன்றைய சட்டமன்றத்தில், உறுப்பினர்களை அரசே நியமித்தது. முஸ்லிம்களுக்கென ஓர் இடம் 1889இல்தான் கிடைத்தது, அதிலும் அமர்ந்தவர் எம். சி. அப்துல் ரஹ்மான். சித்திலெப்பையின் அரசியல் பத்திரிகையிலும் பள்ளிக்கூடத்திலும் நடந்தது. எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்று, 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்ட ஒராபி பாஷாவை அவர் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். கட்டட ஒப்பந்தக்காரரான வாப்பிச்சி மரைக்காரும் உடன் நிற்க, 1892இல் கொழும்பு மருதானையில் தொடங்கிய பள்ளியே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. பெண்பிள்ளைகளுக்காகக் கண்டியிலும் ஒரு பள்ளி திறந்தார். அந்தக் காலத்தில் அது லேசான காரியமல்ல.

நாவலுக்கு வருகிறேன். ‘அசன்பே சரித்திரம்’ 1885இல் வெளிவந்தது. தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சேறி ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. கெய்ரோவில் பிறந்து, குழந்தையிலேயே கடத்தப்பட்டு, பம்பாயில் வளரும் ஒருவனின் கதை அது. தற்செயல்கள் அளவுக்கு மீறி வருவதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் ஒராபி வந்திறங்கிய இரண்டே ஆண்டுகளில் தமிழ்க் கதையொன்று எகிப்தில் தொடங்குவதும், களவுபோன பிள்ளையின் உண்மையான அடையாளம் என்ன என்ற கேள்வி அதன் மையமாக இருப்பதும், எழுதியவர் பத்திரிகைக்காரர், வழக்கறிஞர் என்பதைக் காட்டிக்கொடுக்கின்றன. சட்ட மாணவரான நீங்கள் அந்தக் கண்ணோடு படித்துப் பார்க்கலாம்.

உங்கள் முதல் ஐயத்துக்கு நேர்ப் பதில் 1897இல் வெளியான அவருடைய ‘அஸ்ராருல் ஆலம்’. முழுக்க முழுக்க ஸூஃபித் தத்துவம் பேசும் நூல். மறுஆண்டே அவர் காலமாகிவிட்டார்.

மேலும் அறிய விரும்பினால் வெகுதூரம் போக வேண்டாம். இலங்கையிலிருந்து வந்து மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராக இருந்த ம. மு. உவைஸ், பி. மு. அஜ்மல்கானுடன் சேர்ந்து எழுதிய இலக்கிய வரலாற்றுத் தொகுதிகளைப் பல்கலைக்கழகமே வெளியிட்டிருக்கிறது. நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் வரும்போது அங்குள்ள நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.