வாட் வேறு, யூனிட் வேறு: மாணவர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டு ஹீட்டர் ராடு 1500 வாட். மின்விசிறி 75 வாட்தான். ஆனாலும் ஃபேன்தான் பில்லை ஏற்றுகிறது என்கிறார் அப்பா. அது எப்படி?
(9-ஆம் வகுப்பு மாணவி, மதுரை)

எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பாருங்கள், புரிந்துவிடும். வாட் என்பது நொடிக்கு எத்தனை ஜூல் செலவாகிறது என்ற வேகக் கணக்கு. பாடநூலில் இதன் பெயர் திறன். வீட்டு மீட்டர் கூட்டிக்கொண்டே போவது திறனை அல்ல, செலவான மொத்த ஆற்றலை. 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் 36 லட்சம் ஜூல். அதுதான் ஒரு யூனிட்.

ஒரு வாளியில் 20 லிட்டர் தண்ணீர், 28 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்குச் சூடாக வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி ஏற்றச் சுமார் 4,180 ஜூல் பிடிக்கும். 20 × 14 × 4,180 = 11,70,400 ஜூல். 1500 வாட் ராடு இதை 13 நிமிடத்தில் முடித்துவிடும். செலவு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. விசிறியோ ஒரு நாளில் 12 மணி நேரம் சுழன்றால் 0.9 யூனிட். இரண்டு மாத பில்லில் வாளி சுமார் 20 யூனிட், விசிறி 54. ஆனால் வீட்டில் நான்கு பேர் ஆளுக்கொரு வாளி வெந்நீரில் குளித்தால் ராடு 78 யூனிட்டோடு முந்திவிடும். அப்போது அப்பாவின் கணக்கையும் மாற்றத்தான் வேண்டும்.

ராடு தண்ணீரில் இருக்கும்போது சூட்டைக் கைவிட்டுப் பார்க்கவே கூடாது. ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தொட வேண்டும்.

இன்னொன்று: இலங்கைப் பாடநூல்களில் ஆற்றலைச் சக்தி என்றும் திறனை வலு என்றும் எழுதுவார்கள். அங்குள்ள பாடக் காணொளிகளைப் பார்த்துப் படிப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

கேள்வி: லோ வோல்டேஜ் இருக்கும்போது ஹீட்டர் போட்டால் கரண்ட் மிச்சமா?
(10-ஆம் வகுப்பு மாணவர், விருத்தாசலம்)

மிச்சமில்லை. 230 வோல்ட்டில் 1500 வாட் இழுக்கும் ராடின் மின்தடை சுமார் 35 ஓம். மின்னழுத்தம் 200 வோல்ட்டாக இறங்கினால் திறன் ஏறத்தாழ 1130 வாட்டாகக் குறையும். வாளிக்கு வேண்டிய ஜூல் மாறவில்லையே! 13 நிமிட வேலை 17 நிமிடம் இழுக்கும், அவ்வளவுதான். கூடுதல் நேரத்தில் வாளியிலிருந்து வெளியே போகும் சூட்டையும் சேர்த்தால் கொஞ்சம் நஷ்டம்கூட.

மோட்டார் கதை வேறு. தூக்க வேண்டிய பளு அப்படியே இருப்பதால், வோல்டேஜ் குறையும்போது மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும். காயிலில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். ஸ்விட்ச் போட்டதும் மோட்டார் சுற்றாமல் உறுமினால் உடனே அணைத்துவிடுங்கள். விட்டுவைத்தால் காயில் கருகி ரீவைண்டிங் செலவு வந்து நிற்கும்.

கேள்வி: ஒரு கருவியின் வாட்டை வீட்டிலேயே அளக்க முடியுமா?
(11-ஆம் வகுப்பு மாணவி, திருநெல்வேலி)

மின்னணு மீட்டர் இருந்தால் முடியும். மீட்டரின் முகப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று பக்கத்திலேயே 3200, 1600 போல ஓர் எண் அச்சிட்டிருக்கும். 3200 என்றால் ஒரு சிமிட்டலுக்கு 36,00,000 ÷ 3200 = 1125 ஜூல். 1125-ஐ இரண்டு சிமிட்டலுக்கு இடைப்பட்ட நொடிகளால் வகுத்தால் வாட் கிடைத்துவிடும்.

மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அளக்க வேண்டிய ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். ஸ்டாப்வாட்சைத் தட்டும் சிமிட்டலை ‘சுழியம்’ என்று எண்ண வேண்டும். பலர் அதையே ‘ஒன்று’ என்று எண்ணிவிடுகிறார்கள். அப்படி எண்ணினால் பத்து இடைவெளி என்று நினைத்து ஒன்பதைத்தான் அளந்திருப்பீர்கள். விடை 11 சதவீதம் கூடிப்போகும். 75 வாட் விசிறிக்கு 15 நொடிக்கு ஒருமுறைதான் சிமிட்டும் என்பதால் ஐந்து இடைவெளி போதும், 75 நொடி ஆகும்.

விடை பொருந்தாவிட்டால் முதலில் இன்வெர்ட்டரைப் பாருங்கள். சத்தமில்லாமல் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும். அடுத்து ஃப்ரிட்ஜ், வைஃபை ரூட்டர். இஸ்திரிப்பெட்டியை அளக்கிறீர்கள் என்றால் அது சூடேறியதும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். எனவே போட்டவுடன் முதல் சில நொடிகளிலேயே அளந்துவிட வேண்டும். மீட்டர் பெட்டியைத் திறக்கவோ ஒயரைத் தொடவோ வேண்டாம். கண்ணால் பார்ப்பது மட்டும்தான் இந்தச் சோதனை.

கேள்வி: மாடிப்படி ஏறும்போது என் திறன் எவ்வளவு?
(8-ஆம் வகுப்பு மாணவர், தஞ்சாவூர்)

ஒரு படியின் உயரத்தை ஸ்கேலால் அளந்து படிகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். 17 சென்டிமீட்டர் வீதம் 18 படி என்றால் 3.06 மீட்டர். சாய்வு நீளத்தை எடுத்தால் தப்பு, செங்குத்து உயரம்தான் கணக்கு. உங்கள் எடை 45 கிலோ என்றால் 45 × 9.8 × 3.06 = சுமார் 1350 ஜூல். 9.8-ஐப் பெருக்க மறந்துவிடுவதுதான் தேர்வில் அதிகம் நடக்கும் பிழை. 6 நொடியில் ஏறினால் 225 வாட், 3 நொடியில் ஓடி ஏறினால் 450 வாட். வேலை இரண்டிலும் ஒன்றேதான்.

கேள்வி: 1 எச்.பி. போர்வெல் மோட்டார் 1000 லிட்டர் டேங்கை நிரப்ப 25 நிமிடம் எடுக்கிறது. கணக்கில் 11 நிமிடம்தான் வருகிறது. மோட்டாரில் கோளாறா?
(12-ஆம் வகுப்பு மாணவர், நாமக்கல், நீர்மட்டம் 40 மீட்டர் ஆழத்தில், டேங்க் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில்)

கோளாறு இல்லை. தண்ணீர் 50 மீட்டர் ஏற வேண்டும்: 1000 × 9.8 × 50 = 4,90,000 ஜூல். 1 எச்.பி. என்பது 746 வாட். இதை அந்த 746 வாட்டால் வகுத்து 11 நிமிடம் என்று கண்டிருக்கிறீர்கள். 746 வாட் என்பது மோட்டாரின் அச்சில் கிடைக்கும் திறன். அது முழுவதும் தண்ணீருக்குப் போய்ச் சேராது. பம்பின் இம்பெல்லரில் (தண்ணீரைத் தள்ளும் சுழல்சக்கரம்) தண்ணீர் சுழன்று கலங்குவதிலும், குழாய்ச் சுவரின் உராய்விலும், ஒவ்வொரு எல்போ வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பமாகிப் போகிறது. மின் இணைப்பிலிருந்து மோட்டார் 1100 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால் 25 நிமிடத்துக்கு 16.5 லட்சம் ஜூல், அதாவது 0.46 யூனிட். அதில் தண்ணீரில் சேர்ந்தது 30 சதவீதம். சிறிய பம்புக்கு இது மோசமில்லை.

குழாயைக் குறுக்கினால்தான் உண்மையில் கெடும். அதே அளவு தண்ணீரைப் பாதி விட்டமுள்ள குழாயில் தள்ளினால் உராய்வு இழப்பு ஏறத்தாழ 30 மடங்காகும். கோடையில் நேரம் நீண்டால் நீர்மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் 80 மீட்டர் ஆழத்தில் தொங்கினாலும் கணக்கில் வருவது நீர்மட்டத்திலிருந்து உள்ள உயரம் மட்டுமே. அதற்குக் கீழே குழாய்க்குள் இருக்கும் தண்ணீரைச் சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தமே தாங்கிக்கொள்கிறது.