தோப்பை விற்கும் முன் ஒரு புதன்கிழமை

ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், உயிரியல் பிரிவு. நீட்டில் தகுதி மதிப்பெண் வந்துவிட்டது, ஆனால் அரசு இடத்துக்கு எட்டாது. துபாயில் இருக்கும் தாய்மாமன், ‘பிலிப்பைன்ஸ்ல டாக்டருக்குச் சேத்துருவோம், மொத்தம் 30 லட்சம், பத்து நான் தாரேன்’ என்கிறார். மீதிக்கு உச்சிப்புளிப் பக்கம் இருக்கிற தென்னந்தோப்பை விற்க வேண்டும். மகளோ ‘நம்ம ஊரு நர்சம்மா மாதிரி ஆகணும்’ என்கிறாள். பரீட்சை முடிந்ததிலிருந்து புதன்கிழமை தோறும் துணை சுகாதார நிலையத்துக்குப் போய், தடுப்பூசிக்கு வரும் குழந்தைகளுக்கு எடை பார்க்க உதவுகிறாள். ‘டாக்டராக வேண்டிய பிள்ளை ஊசி போடுற வேலைக்குப் போனா சொந்தக்காரங்க முகத்துல எப்படி முழிக்கிறது?’ என்று அம்மா கேட்கிறார்.

அம்மா, உங்கள் பயம் புரிகிறது. ஆனால் தோப்பு கைமாறிய பிறகு ஆறுதல் சொல்லிப் பயனில்லை. அதனால் நேராகவே சொல்கிறேன்: விற்காதீர்கள்.

வெளிநாட்டுப் படிப்புக்குச் சேர்த்துவிடுகிற ஏஜெண்ட் உங்களிடம் சொல்லாமல் விட்ட கணக்கு இது. 2021இல் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த விதிப்படி, வெளிநாட்டில் படிப்பவர் குறைந்தது 54 மாதம் மருத்துவம் படித்திருக்க வேண்டும். அதன்பின் 12 மாதம் அங்கேயே பயிற்சி மருத்துவராக இருக்க வேண்டும். திரும்பி வந்ததும் தகுதித் தேர்வு, அதில் தேறினால் இங்கே இன்னும் 12 மாதம் பயிற்சி. பிலிப்பைன்ஸில் வழக்கமான மருத்துவப் படிப்பு நான்கு ஆண்டுதான், அதாவது 48 மாதம். அதற்கு முன்னால் படிக்கும் பி.எஸ். பட்டத்தின் காலத்தை நம் ஆணையம் மருத்துவப் படிப்பாக எண்ணுவதில்லை. குறைகிற ஆறு மாதத்துக்கு என்ன வழி என்று ஏஜெண்டிடம் எழுத்தில் கேளுங்கள். தகுதித் தேர்வோ, எழுதுகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாமல் முடிகிற தேர்வு. தேறாதவர் இங்கே மருத்துவராகப் பதிவு செய்ய முடியாது. ஏழெட்டு வருடமும் தோப்பும் போன பிறகு மகள் அந்த இடத்தில் நின்றால், பத்து லட்சம் தந்த மாமனால்கூட ஒன்றும் செய்ய இயலாது.

பி.எஸ்.சி. நர்சிங் முடித்து வளைகுடாவுக்குப் போகிற வழி உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். உங்கள் மகள் விரும்புகிற வேலை வேறு. அதைத்தான் ஊரில் யாரும் ஒரு படிப்பாகவே மதிப்பதில்லை. அந்த வேலையின் பெயர் கிராம சுகாதார செவிலியர். படிப்பின் பெயர் ஏ.என்.எம்., துணை செவிலியர் மருத்துவச்சிப் படிப்பு, இரண்டு ஆண்டு.

‘ஊசி போடுற வேலை’ என்று எழுதியிருக்கிறீர்கள். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு கிராம சுகாதார செவிலியர் என்பது கணக்கு. அந்த 5,000 பேரில் எந்த வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறாள் என்று முதலில் அறிய வேண்டியவர் அவர்தான். 12 வாரத்துக்குள் பதிவு செய்து கர்ப்பப் பதிவு எண் வாங்கித் தர வேண்டும். அந்த எண் இருந்தால்தான் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவி, ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட, தாய்க்கு வந்து சேரும். உங்கள் கடற்கரையில் இதில் ஒரு சிக்கல் உண்டு. தொண்டியில் வாழ்க்கைப்பட்ட பெண் தலைப்பிரசவத்துக்குப் பாம்பனில் இருக்கும் தாய்வீட்டுக்கு வருவாள். அங்கே பார்த்த ரத்த அளவும் அழுத்தமும் இங்கே இருக்கிறவருக்குத் தெரியாவிட்டால், எட்டாம் மாதத்தில் கண்மூடிக்கொண்டு தொடங்குவதாகிவிடும். நல்ல செவிலியர் வளைகாப்பு முடிந்த வாரமே அந்த வீட்டு வாசலில் நிற்பார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி பாசி எடுக்கப் பெண்கள் கடலுக்குப் போகிற நாட்களில் காலையில் போனால் வீடு பூட்டிக் கிடக்கும், சாயங்காலம் போக வேண்டும். இதையெல்லாம் வெளியூரிலிருந்து வருகிறவர் கற்றுக்கொள்ள ஒரு வருடமாகும். உங்கள் மகளுக்கு இப்போதே தெரியும்.

ரத்த அழுத்தம் பார்ப்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம். வெயிலில் நடந்து வந்த கர்ப்பிணிக்கு உடனே பட்டையைக் கட்டினால் அளவு ஏறித்தான் காட்டும். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கி வைத்துப் பார்க்க வேண்டும். 140க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும், சிறுநீரில் புரதம் போகிறதா என்று சோதிக்க வேண்டும். முகமும் கையும் வீங்கியிருந்தால் ‘பிள்ளை பிறந்தா வத்திரும்’ என்பார்கள் மாமியார்கள். கூடவே தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்று அந்தப் பெண் சொன்னால் காத்திருக்கவே கூடாது. பிரசவ ஜன்னி எனும் வலிப்பு வரக்கூடும் என்று பொருள். வலிப்பே வந்துவிட்டால், அனுப்புவதற்கு முன் மக்னீசியம் சல்பேட் 50 சதவீத மருந்தை ஒவ்வொரு பிட்டத்திலும் 5 கிராம் ஆழமாகப் போட்டுவிட்டு 108இல் ஏற்ற வேண்டும். தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் பாலம் தாண்டி 50 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்தத் தூரத்தைத் தாயும் பிள்ளையும் உயிரோடு கடப்பது அந்த முதல் ஊசியில் இருக்கிறது. ‘ஊசி போடுற வேலை’ என்பதன் முழு அர்த்தம் இதுதான் அம்மா.

இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான். கொடுப்பது எளிது, விழுங்க வைப்பது கடினம். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் சோகை, 7க்குக் கீழே போனால் கடுமையான சோகை, உடனே பெரிய மருத்துவமனை. மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், குமட்டும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் பயந்துபோய் நிறுத்திவிடுவார்கள். டீயோடு சாப்பிட்டால் சத்து சேராது. கால்சியத்தையும் இதையும் ஒரே நேரத்தில் விழுங்கக் கூடாது. அனுபவமுள்ள நர்சம்மா ‘சாப்பிட்டியா?’ என்று கேட்கமாட்டார், காலி அட்டையைக் கொண்டுவரச் சொல்லி எண்ணுவார்.

உங்கள் மகள் புதன்கிழமை பார்க்கிற அந்த நீலப் பெட்டி, தடுப்பூசிப் பெட்டி, அதிலும் ஒரு வித்தை இருக்கிறது. உறைந்த ஐஸ் பொதியை எடுத்தவுடன் அப்படியே அடுக்கினால் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் தடுப்பூசி உறைந்து கெட்டுப்போகும். பொதியை வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்கிற வரை காத்திருந்து, பிறகு நான்கையும் சுற்றி நிறுத்த வேண்டும். குப்பியின் மேல் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரத்தின் நிறம் வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் வெப்பம் பட்ட மருந்து, தூக்கிப் போட வேண்டியதுதான். தட்டம்மை ருபெல்லா மருந்தைக் கலந்த நேரத்தைக் குப்பியில் எழுதி, நான்கு மணி நேரம் ஆனதும் மிச்சத்தை ஒதுக்கிவிட வேண்டும். வெளியே காத்திருக்கும் தாய் கெஞ்சினாலும் அதைப் போடக் கூடாது. பழைய கலவையில் கிருமி வளர்ந்து குழந்தைகள் இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. மே மாதத்து மண்டபம் பகுதி வெயிலில் இந்தப் பெட்டியைக் காப்பது அக்கறையுள்ள கைக்கு மட்டுமே வரும்.

பிரசவ அறையில் பயிற்சி இன்னும் கூர்மையானது. பிள்ளை வெளியே வந்ததும் வயிற்றைத் தொட்டு உள்ளே இன்னொரு பிள்ளை இல்லை என்று உறுதி செய்து, ஒரு நிமிடத்துக்குள் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில் போட வேண்டும். தொடாமல் போட்டு, உள்ளே இரட்டையில் ஒன்று இருந்தால் ஆபத்து. ஆக்ஸிடோசினைக் குளிரில் வைக்காமல் அலமாரியில் வைத்திருந்தால் மருந்து வீரியம் இழந்திருக்கும், ரத்தப்போக்கு நிற்காது. அழாத குழந்தையைத் துடைத்து, முதுகைத் தேய்த்தும் மூச்சு வரவில்லையென்றால் முதல் நிமிடத்துக்குள் பையும் முகமூடியும் வைத்து நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை காற்றுக் கொடுக்க வேண்டும். நெஞ்சு எழும்பவில்லையென்றால் பெரும்பாலும் காரணம் இரண்டுதான்: முகமூடி ஓரத்தில் காற்று கசிகிறது, அல்லது கழுத்து மடங்கிக் கிடக்கிறது. கழுத்தை லேசாகப் பின்னுக்குச் சாய்த்தால் பல குழந்தைகளுக்கு நெஞ்சு எழும்பிவிடும். இதை நூறு முறை பொம்மையில் செய்து பார்த்த கைதான் அந்த ஒரு நிமிடத்தில் நடுங்காது. அதன்பின் சேனை என்று சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைக்கத் துடிக்கிற பாட்டியை மரியாதையாகத் தடுத்து, முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலைப் புகட்ட வைக்க வேண்டும். மருந்தால் முடியாத வேலை அது. ஊர்ப் பேச்சு தெரிந்தவளால்தான் முடியும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2023இல் மட்டும் சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் பெண்கள் கர்ப்பத்தாலும் பேற்றாலும் இறந்தார்கள், அதில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏழை, கீழ்நடுத்தர நாடுகளில். ரத்தப்போக்கும் ரத்த அழுத்தமும்தான் முன்னே நிற்கிற காரணங்கள், இரண்டையும் மேலே பார்த்தோம். தனுஷ்கோடிக்கு எதிர்க்கரையில் இலங்கை 1926இல் களுத்துறையில் சுகாதாரப் பிரிவைத் தொடங்கி, ஊருக்கு ஊர் பயிற்சி பெற்ற மருத்துவச்சியை வீடு வீடாக அனுப்பித்தான் தாய் இறப்பைக் குறைத்தது. 2018-20 கணக்கெடுப்பில் உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தபோது தமிழ்நாட்டில் 54. அந்த வித்தியாசத்தில் நர்சம்மாக்கள் வீடு வீடாக நடந்த நடை நிறைய இருக்கிறது.

இனி நடைமுறை. ஏ.என்.எம். படிப்புக்குப் பிளஸ் டூ எந்தப் பிரிவானாலும் போதும், 17 வயது நிரம்பியிருக்க வேண்டும், நீட் தேவையில்லை. சேர்க்கும் முன் அந்தப் பள்ளிக்கு இந்திய நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் இந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்றும், படித்து முடித்தால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு கிடைக்குமா என்றும் பாருங்கள். ‘நர்சிங் அசிஸ்டென்ட்’, ‘ஹெல்த் அசிஸ்டென்ட்’ என்று ஒரு வருடச் சான்றிதழ் தருகிற இடங்கள் பரமக்குடி முதல் மதுரை வரை பலகை மாட்டியிருக்கின்றன. அதை வைத்துச் செவிலியராகப் பதிவு செய்ய முடியாது, அரசு வேலைக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. பள்ளியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘என் மகள் தன் கையால் எத்தனை பிரசவம் பார்ப்பாள், எந்த மருத்துவமனையில்?’ பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று பலர் தவறவிடுவது. மூன்றாண்டு ஜி.என்.எம்., அதாவது பொது செவிலியர் மற்றும் மருத்துவச்சிப் படிப்பு பெரியது, அதனால் அதை முடித்தால் கிராம சுகாதார செவிலியராகவும் ஆகலாம் என்று நினைக்கிறார்கள். அந்தப் பணிக்குக் கேட்கிற தகுதி ஏ.என்.எம்.தான். வார்டில் வேலை பார்க்க ஆசையென்றால் அரசு செவிலியர் பள்ளியில் ஜி.என்.எம். நல்ல வழி. ஊரில் வேலை பார்க்க ஆசையென்றால் இது. மகள் எதைச் சொல்கிறாள் என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பிற்பாடு மனம் மாறினாலும் பதிவு பெற்ற ஏ.என்.எம். ஜி.என்.எம்.மில் சேரலாம். அதற்கு மேல் பிரசவத்தையே தனித்துறையாக எடுத்துக்கொள்ளும் 18 மாத நர்ஸ் பிராக்டிஷனர் மிட்வைஃபரி படிப்பும் நாட்டில் வந்துவிட்டது.

வேலை பற்றிப் பொய் சொல்லமாட்டேன். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் இந்தப் பணிக்கு வருடா வருடம் ஆள் எடுப்பதில்லை. 2023இல் 2,250 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது, அடிப்படைச் சம்பளம் 19,500இல் தொடக்கம், மேலே படிகள். அடுத்த அறிவிப்பு வரை ஒன்றிரண்டு வருடம் மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் தொகுப்பூதிய வேலையிலோ தனியார் மருத்துவமனையிலோ கைப்பழக்கம் விடாமல் இருக்க வேண்டிவரும், சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பணியில் சேர்ந்தால் பகுதி சுகாதார செவிலியர், சமுதாய சுகாதார செவிலியர் என்று மேலே போகலாம். மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் இந்தப் படிப்புக்குக் கிடைக்குமா என்று சேரும் அன்றே கேளுங்கள்.

மாமனிடம் நீங்களே பேசுங்கள், மகளைப் பேச விடாதீர்கள். அவர் தருவதாகச் சொன்ன பத்து லட்சத்தில் ஒரு சிறு பங்கு இந்தப் படிப்பையே முடித்துவிடும் என்று சொல்லுங்கள். கோபப்பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். வருகிற புதன்கிழமை மகளோடு நீங்களும் துணை சுகாதார நிலையத்துக்குப் போய் ஒன்பது மணியிலிருந்து மதியம் வரை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது: மகளின் மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், பாஸ்போர்ட் ஆகியவற்றின் அசல் ஏஜெண்டிடம் இருந்தால், முன்பணம் எதுவும் கொடுக்காமல் நாளைக்கே போய்த் திரும்ப வாங்கி வந்துவிடுங்கள்.